சின்னமனூர் தாண்டினால் கேட்கும் சத்தம்

ஆனி மாதம் இருபத்து நான்காம் தேதி, திங்கட்கிழமை. காலை ஐந்து நாற்பதுக்கு எழுந்தேன். குழாயில் தண்ணீர் வந்தது. இரண்டு குடமும் ஓர் அண்டாவும் பிடித்தேன். மேற்கே மலை தெரியவில்லை. மேகம் இறங்கி அதை இடுப்புவரை மூடியிருந்தது. ஆறேகாலுக்குக் காப்பி. ஆறரைக்கு முந்தைய நாள் டைரியை எழுதி முடித்தேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் நான்கு வரிதான். ஏழு ஐம்பதுக்குச் சைக்கிளில் கிளம்பி அல்லிநகரத்தில் இருந்த எங்கள் கடைக்குப் போனேன். எதிர்காற்று. பதினோரு நிமிடம் ஆனது. ஆனியிலும் ஆடியிலும் எப்போதும் பதினொன்று, மற்ற மாதங்களில் எட்டு.

இது மூன்று வருடத்துக்கு முந்தைய டைரியில் உள்ளபடி. இப்போது எனக்கு ஐம்பத்தாறு வயது. கடையிலிருந்து நின்று ஒரு வருடம் நான்கு மாதம் ஆகிறது. கடையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் போன வாரம் போனில் கேட்டார்கள்: "அண்ணே, நம்ம ஜாப் கார்டுல 'சத்தம் யாருக்குக் கேட்கிறது' அப்படின்னு ஒரு கட்டம் இருக்கே, அது எதுக்கு? வேற எந்தக் கடையிலயும் இல்லையே." போனில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்றேன். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வேலை காரின் முன் கண்ணாடியைச் சுற்றியது. உடைந்த கண்ணாடியை மாற்றுவோம். மழைத் தண்ணீர் உள்ளே ஒழுகினால் வழியைக் கண்டுபிடிப்போம். ஓடும்போது காற்றுச் சத்தம் வந்தால் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ஊரில் எங்களைக் 'கண்ணாடிக் கடை' என்றார்கள். வளையல் வாங்க வந்தவர்களும் உண்டு.

நான் தொழில் பழகியதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் மூன்று வருடம், மதுரையில் ஒரு சர்வீஸ் நிலையத்தில் ஆறு வருடம். முதலில் ரப்பர் பீடிங்கில் கயிற்றைக் கோத்து இழுத்துக் கண்ணாடியை உட்கார வைக்கும் காலம். பிறகு பசை வந்தது. பசை வைத்து ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் பார்த்தபின் தேனிக்குத் திரும்பி ஜெபராஜ் ஐயாவிடம் சேர்ந்தேன். அவரிடம் பத்தொன்பது வருடம் இருந்தேன்.

ஜெபராஜ் ஐயாவின் குடும்பத்துக்குப் போடி பஜாரில் பாத்திரக்கடை. அண்ணன் தம்பிகள் எல்லோரும் பித்தளைக்கும் எவர்சில்வருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்க, இவர் மட்டும் காருக்கு வந்துவிட்டார். வெள்ளை அரைக்கைச் சட்டையில் ஒரு கறை நான் பார்த்ததில்லை. எந்த வண்டிக்குள் ஏறினாலும் செருப்பை வெளியே கழற்றி விட்டுத்தான் ஏறுவார். அது எவருடைய பழைய வேனாக இருந்தாலும் சரி. குரலை உயர்த்த மாட்டார். தப்பு செய்தவனிடம் "இன்னொருக்கா யோசிச்சுப் பாருப்பா" என்பார். அதற்குப் பிறகு அவன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிட மாட்டான்.

காற்றுச் சத்தம் என்று வண்டி வந்தால் அவர் முதலில் வண்டியைப் பார்க்க மாட்டார். வந்தவரை நாற்காலியில் உட்கார வைப்பார். "அந்தச் சத்தத்தை வாயால செஞ்சு காட்டுங்க" என்பார். ஏலக்காய் வியாபாரி, போலீஸ் அதிகாரி, கல்யாண மண்டபத்து முதலாளி, யாராக இருந்தாலும் செய்து காட்டியே ஆகவேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டு சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார். தலையைச் சற்றுச் சாய்த்து, பாட்டுக் கேட்பதுபோலக் கேட்டு, ஜாப் கார்டில் எழுதுவார். 'ஹூம்' என்றால் கதவு ரப்பர். 'உஸ்' என்றால் கண்ணாடி ஓரத்து மோல்டிங் தூக்கியிருக்கிறது. 'பட பட' என்றால் அடியில் ஏதோ பிளாஸ்டிக் தளர்ந்திருக்கிறது. 'கீ' என்றால் பசையில் மயிரிழை இடைவெளி. அதுதான் கண்டுபிடிக்கக் கடினமானது. அவருடைய கணிப்பு பெரும்பாலும் சரியாக இருந்தது. அதை நான் பெரிய வித்தை என்று நினைத்தேன்.

தண்ணீர்ச் சோதனையை அவர் சொன்ன மாதிரியே கடைசிவரை செய்தேன். ஒருவர் வெளியே, ஒருவர் உள்ளே. ஓஸ் பைப்பின் நுனியில் பீச்சும் வாய் எதுவும் மாட்டக்கூடாது; தண்ணீர் பாயக்கூடாது, வழியவேண்டும். கீழ் ஓரத்திலிருந்து தொடங்கவேண்டும். மேலே ஊற்றினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து, எது வழி என்று தெரியாமல் போகும். ஒரு சாண் இடத்துக்கு ஐந்து நிமிடம். பிறகு அடுத்த சாண். உள்ளே இருப்பவர் டார்ச் வைத்துக்கொண்டு, காய்ந்த காகிதத்தால் ஓரமெல்லாம் தொட்டுக்கொண்டே வரவேண்டும். சொட்டுகிற இடம் வேறு, நுழைகிற இடம் வேறு. கூரையோரம் நுழைந்த தண்ணீர் துணிக்குள்ளேயே ஊர்ந்து, பக்கத்துத் தூணுக்குள் இறங்கி, டிரைவரின் கால் மிதியில் வந்து நிற்கும்.

உள்ளே உட்கார எனக்குப் பிடிக்கும். ஐயாவே வெளியே நின்று பைப்பைப் பிடிப்பார். கண்ணாடி முழுவதும் தண்ணீர் வழியும்போது வெளியே இருப்பதெல்லாம் கரையும். எதிர் வரிசைக் கடைகள், பஸ், அதற்குப் பின்னால் மலை, எல்லாம் பச்சையும் சாம்பலுமாக ஓடி இறங்கும். ஐயாவின் வெள்ளைச் சட்டை ஒரு மேகம்போல அசையும். சத்தம் எல்லாம் தூரத்துக்குப் போய்விடும். நாற்பது நிமிடம் அப்படி இருந்துவிட்டுக் கதவைத் திறந்து இறங்கினால், தெருவில் காய்ந்த தரை இருப்பதே ஆச்சரியமாக இருக்கும்.

ஒரு ஜவுளி வியாபாரியின் கார் இப்படி மூன்று முறை வந்தது. மிதியடி எப்போதும் ஈரம். கண்ணாடியில் ஒரு சொட்டு நுழையவில்லை. மூன்றாம் முறை ஐயா வைப்பருக்குக் கீழே இருக்கும் மூடியைக் கழற்றச் சொன்னார். அந்தப் பள்ளத்தில் செவ்வந்தி இதழ்கள் இரண்டு விரல் கனத்துக்கு ஊறிக் கிடந்தன. வெள்ளிக்கிழமைதோறும் வண்டிக்கு மாலை போடுவார், மாலை காய்ந்து உதிர்ந்து உள்ளே போயிருக்கிறது. தண்ணீர் இறங்கும் துவாரம் அடைத்து, தேங்கிய தண்ணீர் காருக்குள் வழிந்திருக்கிறது. ஒரு செடிகூட முளைத்திருந்தது, இரண்டு இலை. "மாலை போடுங்க, மறுநாள் எடுத்துருங்க" என்றார் ஐயா. வியாபாரி அந்தச் செடியை ஒரு தம்ளரில் வைத்து வாங்கிக்கொண்டு போனார்.

இனி என் காதைப் பற்றி எழுதவேண்டும்.

அந்த ஆனி மாதத்துக்கு இரண்டு வருடம் முன்பு, வருசநாட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். மாப்பிள்ளை வீடு காட்டை ஒட்டி இருந்தது. சாயங்காலம் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தபோது என் மனைவி, "இந்தச் சில்வண்டு போடுற சத்தத்துல நீங்க சொல்றதே கேக்கல" என்றாள். நான் மரங்களைப் பார்த்தேன். காற்றில்லை. இலைகள் அசையவில்லை. அந்தக் காடு எனக்கு முழு அமைதியாக இருந்தது. அவள் காதைப் பொத்திக்கொண்டிருந்தாள். நான் தலையாட்டினேன்.

அன்றைய டைரியில் பந்தியில் பரிமாறிய ஒன்பது வகையையும் எழுதியிருக்கிறேன். சில்வண்டைப் பற்றி எழுதவில்லை.

பேச்சு கேட்டது, ஹாரன் கேட்டது, 'ஹூம்' கேட்டது, 'உஸ்' கேட்டது. உச்சஸ்தாயியில் உள்ள மெல்லிய சத்தங்கள் மட்டும் இல்லாமல் போயிருந்தன. கம்ப்ரசருக்குப் பக்கத்தில் இத்தனை வருடம் நின்றதற்கு அது நியாயமான பலன்தான். ஆனால் கடையில் ரோட்டுச் சோதனைக்கு வண்டியை எடுத்துப் போகிறவன் நான். காது இல்லையென்றால் எனக்கு என்ன வேலை? அதனால் சொல்லவில்லை. சந்தேகம் வந்த வண்டிகளுக்கு ஐயாவையும் கூட்டிக்கொண்டு போவேன். அவர் கேட்டுவிடுவார் என்று நம்பினேன்.

தனலட்சுமி என்ற பெண்ணின் கார் அந்த ஆனிக்கு முந்தைய சித்திரையில் வந்தது. வயது முப்பத்து நான்கு. கம்பத்துக்குத் தெற்கே திராட்சைத் தோட்டம். கணவர் தோட்டத்தையும், இவர் தரகர்களையும் மருந்துக் கடையையும் பாங்கியையும் பார்த்துக்கொண்டார்கள். அதற்காக அவரே கார் ஓட்டினார். லோயர் கேம்ப் ரோட்டில் முன்னே போன டிப்பரிலிருந்து கல் தெறித்துக் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை புதிய கண்ணாடி போட்டுக் கொடுத்தோம்.

வைகாசியில் அவர் திரும்பி வந்தார். சின்னமனூர் தாண்டிக் கம்பம் பக்கம் போனால் ஒரு சத்தம் வருகிறது என்றார். ஐயா வழக்கம்போல வாயால் செய்து காட்டச் சொன்னார். அந்தப் பெண் வாயைத் திறந்து, யோசித்து, மூடினார்.

"வாயால வராதுங்கய்யா. அம்புட்டு மெல்லிசு."

ஐயா கார்டில் ஒன்றும் எழுதவில்லை. அப்படி அவர் வெறுமனே விட்டது அதுவே முதல் முறை.

சின்னமனூர் தாண்டினால் என்று அவர் சொன்னதில் அர்த்தம் இருந்தது. எங்கள் பக்கம் தென்மேற்குக் காற்று மலை இடைவெளியில் நுழைந்து பள்ளத்தாக்கின் நீளத்துக்கு ஓடி வரும். தேனியிலிருந்து கம்பம் போகிற வண்டி அதற்கு நேர் எதிரே போகும். அறுபதில் போனாலும் கண்ணாடிக்குத் தொண்ணூறின் அடி விழும். திரும்பி வரும்போது காற்றும் வண்டியும் ஒரே பக்கம். அப்போது ஒன்றும் கேட்காது. தென்னந்தோப்புகள்தான் பின்னால் நகர்வதுபோலவும் வண்டி நிற்பதுபோலவும் இருக்கும். அந்தத் திரும்பும் பாதைக்காகவே நான் ரோட்டுச் சோதனைக்கு ஆசைப்பட்ட நாட்கள் உண்டு.

தனியாகப் போய் ஓட்டிப் பார்த்தேன். கார்டில் 'சத்தம் இல்லை' என்று எழுதினேன். இருபது நாள் கழித்து அவர் மறுபடி வந்தார். இந்த முறை ஐயாவும் கூட வந்தார். செருப்பைக் கழற்றி ஏறி, கண்ணை மூடி உட்கார்ந்தார். உத்தமபாளையம்வரை போனோம்.

"உனக்கு?" என்றார்.

"இல்லைங்கய்யா."

"அப்ப இல்ல."

மறுபடி 'சத்தம் இல்லை'.

முதலில் சொன்ன அந்த ஆனித் திங்கட்கிழமை பத்து மணிக்கு அதே கார் மூன்றாம் முறை வந்தது. தனலட்சுமியின் மாமனார் முன்னால் இறங்கினார். வேட்டியை மடித்துக் கட்டிய, உரத்துப் பேசுகிற மனிதர். தனலட்சுமி ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தே இருந்தார்.

"ஒரு தாள்ல எழுதிக் கொடுங்க தம்பி" என்றார் மாமனார் என்னிடம். "கண்ணாடில குறையில்ல, சத்தமில்லன்னு. வண்டியக் கொடுக்கப் போறோம். வாங்குறவுக கேக்குறாக."

"ஏங்க, நல்ல வண்டியாச்சே" என்றார் ஐயா.

"வண்டி நல்ல வண்டிதான். ஓட்டுற ஆளுக்குத்தான் காதுல கோளாறு. மதுரையில காட்டியாச்சு. இவுக சொன்னதத்தான் டாக்டர்ட்டயும் சொன்னோம், வண்டில சத்தமில்ல, இவளுக்கு மட்டும் கேக்குதுன்னு. காதுக்குள்ள இரைச்சலா இருக்கும்னு சொட்டு மருந்து கொடுத்திருக்காக. ஒரு மாசமா ஊத்துறா. இனி இவ மலைப்பாதையில வண்டி ஓட்டி, ஏதாவது ஆச்சுன்னா?"

நான் ரசீதுப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். தேதி எழுதினேன். வண்டி எண் எழுதினேன். அப்போது தனலட்சுமி இறங்கி வந்து மேசைக்கு முன் நின்றார். கண்ணில் தூக்கம் இல்லாத களைப்பு.

"அண்ணே, எழுதுறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. உங்களுக்கு நெசமாவே கேக்கலையா?"

பேனாவைத் தாளில் வைத்தபடி இருந்தேன். மூன்றாவது முறை எழுதப்போகிற இரண்டு சொற்கள் அவை. என் டைரியில் பஸ் இரண்டு நிமிடம் தாமதமாக வந்தது முதல் எல்லாம் சரியாக இருக்கும். இந்த இரண்டு சொற்கள் மட்டும் நான் அளக்காமல் எழுதியவை. அவை ஒரு பெண்ணின் காதில் ஒரு மாதமாகச் சொட்டு மருந்தாக விழுந்துகொண்டிருந்தன.

"கேக்கலம்மா" என்றேன். "எனக்கு மெல்லிசுச் சத்தம் எதுவுமே கேக்குறதில்ல. ரெண்டு வருசமாச்சு. நான் யார்ட்டயும் சொல்லல."

கடையில் கம்ப்ரசர் நின்றிருந்தது. ஐயா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதைத் திரும்பப் போடாமல் கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

"எனக்கு எட்டு வருசமாச்சு."

"ஐயா?"

"நீ கேட்டுருவன்னு நம்பிக்கிட்டு இருந்தேம்ப்பா."

"நான் நீங்க கேட்டுருவீகன்னு…"

மாமனார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அடப்பாவிகளா. அப்ப இத்தன நாளா ஊரு வண்டியில எல்லாம் ஏறி உக்காந்து கண்ண மூடிக்கிட்டு என்னத்தக் கேட்டீக?"

"அதுக்குத்தான வாயால செஞ்சு காட்டச் சொல்றது" என்றார் ஐயா. "மனுசன் போடுற சத்தம் எனக்குக் கேக்கும்."

தனலட்சுமி சிரித்துவிட்டார். பிறகு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். தோள் குலுங்கிய விதத்தில் அது சிரிப்பு மட்டும் இல்லை என்று தெரிந்தது.

மாமனார் விடவில்லை. "சரி, உங்களுக்குக் கேக்கல. அதனால சத்தம் இருக்குன்னு ஆயிருமா? இவளுக்கு இரைச்சலாவும் இருக்கலாம்ல?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் கண்டுபிடிக்க நாங்கள் செய்ததைத்தான் விரிவாக எழுத நினைக்கிறேன்.

சாதாரணமாகக் காற்றுச் சத்தத்துக்குக் கண்ணாடியைச் சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி ஓட்டிப் பார்ப்போம். சத்தம் நின்றால் காற்று கண்ணாடி ஓரத்தில்தான் நுழைகிறது. பிறகு டேப்பைத் துண்டு துண்டாக உரிப்போம். எந்தத் துண்டை உரிக்கும்போது சத்தம் திரும்புகிறதோ, அதுதான் இடம். ஆனால் டேப் ஒட்டியிருப்பதைப் பார்த்தால், சத்தம் நின்றுவிட்டது என்று மனசே சொல்லிவிடலாம். ஆகவே தனலட்சுமி பார்க்கக்கூடாது என்று முடிவு செய்தேன்.

நான்தான் ஓட்டினேன். தனலட்சுமி எனக்குப் பக்கத்தில். பின்னால் மாமனாரும், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஐயாவும். சின்னமனூர் தாண்டி ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினேன். மேற்கு மலையிலிருந்து மேகம் வழிந்து கொண்டிருந்தது. வெயிலும் சாரலும் ஒன்றாக விழுந்தன. கண்ணாடியைத் துடைத்து, சுற்றிலும் ஏழு துண்டு டேப் ஒட்டினேன். எண் போட்டேன். தனலட்சுமி சேலைத் தலைப்பைக் கண்ணுக்கு மேல் இழுத்துக் கட்டிக்கொண்டார்.

"என்னமோ கண்கட்டி விளையாடுற மாதிரி இருக்கு" என்றார் மாமனார்.

"நீங்கதான் சாட்சி" என்றேன். "இறங்கி வாங்க. எந்தத் துண்டை உரிக்கிறோம்னு நீங்களும் நானும் மட்டும் பாக்கணும். வாய் திறக்கக்கூடாது."

அறுபதில் இரண்டு கிலோமீட்டர் போவோம். தனலட்சுமி 'இருக்கு' அல்லது 'இல்ல' என்பார். நிறுத்துவோம். மாமனார் ஒரு துண்டைக் காட்டுவார், உரிப்பேன். சில முறை எதையும் உரிக்காமல் உரிப்பதுபோல விரலால் சுரண்டுவேன். சில முறை உரித்ததைத் திரும்ப ஒட்டுவேன். மறுபடி காற்றுக்கு எதிரே போவோம்.

முதல் ஓட்டம், எல்லாத் துண்டும் இருக்கிறது. "இல்ல."

இரண்டாவது, கீழ்த்துண்டு இரண்டும் உரித்தாகிவிட்டது. "இல்ல."

மூன்றாவது, வெறும் சுரண்டல். "இல்ல."

நான்காவது, இடது மேல் மூலை. ஐம்பதைத் தாண்டும்போதே அவர் கன்னம் இறுகியது. "இருக்கு. இந்தா, இதான்."

ஐந்தாவது, அந்த மூலையைத் திரும்ப ஒட்டி, வலது பக்கத்தை முழுக்க உரித்தோம். மாமனார் தானே தேர்ந்தெடுத்தது. இதில் மருமகள் 'இருக்கு' என்று ஏமாந்துவிடுவார் என்ற வெற்றி அவர் முகத்தில் தெரிந்தது. "இல்ல" என்றார் தனலட்சுமி.

ஆறாவது ஓட்டத்துக்கு மாமனார் நெடுநேரம் யோசித்தார். சாரலில் நனைந்துகொண்டு கண்ணாடியைச் சுற்றி நடந்தார். கடைசியில் அந்த இடது மூலையை மறுபடி விரலால் காட்டினார். உரித்தேன். காரில் ஏறும்போது அவர் கதவை மிக மெதுவாகச் சாத்தினார்.

ரோட்டின் இரு பக்கமும் நெல் வயல்கள் காற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தன. எனக்கு வண்டிக்குள் பஞ்சு அடைத்ததுபோல அமைதி. பின்னால் இருந்த இருவருக்கும் அப்படித்தான். கண்ணைக் கட்டிக்கொண்டிருந்த அந்தப் பெண் மட்டும் எங்களுக்கு இல்லாத ஓர் இடத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் உதடுகள் லேசாகப் பிரிந்தன. நான் ரோட்டைப் பார்க்காமல் அவரைப் பார்த்துவிட்டேன்; ஒரு ஆட்டோக்காரர் திட்டினார்.

"இருக்கு" என்றார்.

நிறுத்தினேன். மாமனார் முன்னால் குனிந்து, மருமகளின் தலையில் இருந்த முடிச்சைத் தானே அவிழ்த்தார்.

"போதும்த்தா" என்றார்.

கடைக்குத் திரும்பும்போது மணி ஒன்றே கால். காற்று பின்னால் இருந்ததால் எல்லோருக்குமே அமைதியான பாதை. கம்பி போட்டுப் பசையை அறுத்துக் கண்ணாடியைத் தூக்கினோம். இடது மேல் மூலையில், பசையின் குறுக்கே, புழு ஊர்ந்த தடம்போல ஒரு கோடு. ஒரு தலைமயிர் நுழையும். காற்று அதன் வழியாக ஊதியிருக்கிறது.

"இது வைக்கும்போது வந்ததில்ல" என்றார் ஐயா. "உள்ளேயிருந்து தள்ளியிருக்கு."

புதிய கண்ணாடி போட்டதும் பசை இறுகச் சில மணி நேரம் ஆகும். அதுவரை பக்கத்துக் கண்ணாடிகளை இரண்டு விரல் இறக்கி வைக்கவேண்டும். எல்லாம் மூடியிருக்கும்போது கதவை அடித்துச் சாத்தினால், உள்ளே அடைபட்ட காற்று முன் கண்ணாடியை வெளியே தள்ளும். அது நகராமல் இருக்கத்தான் மேலே டேப் ஒட்டி விடுவோம். மறுநாள்தான் உரிக்கவேண்டும்.

மாமனார் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாந்தான் உரிச்சேன்" என்றார். "புதுக் கண்ணாடி போட்டுட்டு நேரா கோயிலுக்குப் போனோம். நெத்தியில பிளாஸ்திரி போட்ட ஆளு மாதிரி இருந்துச்சு வண்டி. அப்படியே சாமி முன்னாடி நிறுத்த மனசு வரல. உரிச்சுப் போட்டுட்டேன். தூறல் வேற, எல்லாக் கண்ணாடியையும் ஏத்தச் சொன்னேன். கதவைச் சாத்துனதும் நாந்தான்."

"எம்புட்டு வேகமா?" என்றார் தனலட்சுமி.

"நான் எப்பவும் சாத்துற வேகந்தான்."

"அப்ப ஊருக்கே கேட்டிருக்கும்" என்றார் அவர்.

நான் பழைய கார்டை எடுத்துப் பார்த்தேன். கண்ணாடி வைத்தது ஒன்பதே கால். வண்டி வெளியே போனது பத்து இருபது. பத்தரைக்கு ராகுகாலம் தொடங்குகிறது என்று மாமனார் அவசரப்படுத்தினார், நான் அனுப்பிவிட்டேன். மதியம்வரை நிறுத்தியிருக்கவேண்டும். அதையும் எல்லோர் முன்னாலும் சொன்னேன். ஐயா, "இன்னொருக்கா யோசிச்சுப் பாருப்பா" என்று சொல்லவில்லை. அன்று அவர் யாரையும் எதுவும் சொல்லும் நிலையில் இல்லை.

பழைய பசையைச் செதுக்கி, துடைத்து, புதிதாக வைத்து, நான்கு மணிக்குக் கண்ணாடியை உட்கார வைத்தோம். வண்டி எங்களிடமே இருக்கட்டும் என்று மாமனாரே சொன்னார். இருவரும் பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். வாசல்வரை போன தனலட்சுமி திரும்பி வந்தார்.

"ஐயா, அப்ப அந்தச் சொட்டு மருந்த நிறுத்திரவா?"

"டாக்டரைக் கேட்டுட்டு நிறுத்தும்மா" என்றார் ஐயா. "இனிமே யாரு காதப் பத்தியும் நான் வாயத் திறக்க மாட்டேன்."

"வண்டிய எப்ப வந்து எடுத்துக்கிறது?"

"நாளைக்குச் சாயங்காலம்" என்றேன். "நீங்களே வாங்க. ஓட்டிப் பாத்து நீங்க சரின்னு சொன்னாத்தான் கார்டுல எழுதுவேன்."

மாமனார் பஸ் நிறுத்தத்திலிருந்து கத்தினார்: "ஏத்தா, வண்டிக்காரி, பஸ் வருது!"

ஆறு மணிக்கு வீடு திரும்பினேன். குளித்து, சாப்பிட்டு, ஏழு மணிக்குக் கடந்த இரண்டு வருட டைரிகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். நான் சோதித்த வண்டிகளை ஒவ்வொரு நாளும் ஒரு வரியில் குறித்து வைப்பது வழக்கம். 'சத்தம் இல்லை' என்று முடிகிற வரிகளை மட்டும் பென்சிலால் குறித்தேன். மனைவி எதிரே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்ன தேடுகிறீர்கள் என்றாள். அவளிடமும் அப்போதுதான் சொன்னேன். "வருசநாட்டுலயே எனக்குத் தெரியும்" என்றாள். "நீங்களாச் சொல்லட்டும்னு இருந்தேன்." தனலட்சுமியின் இரண்டை விட்டால் மொத்தம் பதினோரு வரிகள் இருந்தன. பதினொன்றுக்கும் பெயரும் போன் எண்ணும் ஒரு தாளில் எழுதினேன். அடியில், ஜாப் கார்டில் சேர்க்கவேண்டிய கட்டம் என்று ஒரு வரி: 'சத்தம் யாருக்குக் கேட்கிறது'.

மறுநாள், செவ்வாய்க்கிழமை, காலை ஐந்து நாற்பதுக்கு எழுந்தேன். தண்ணீர் பிடிக்கவில்லை. காப்பி குடிக்கவில்லை. பதினொரு பேரில் அந்த நேரத்தில் விழித்திருக்கக்கூடியவர் உத்தமபாளையத்தில் இருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர்தான். அவரைக் கூப்பிட்டேன்.

"யாரு?"

"கண்ணாடிக் கடையில இருந்து பேசுறேன் சார். போன ஐப்பசியில உங்க வண்டியில சத்தம் இல்லைன்னு எழுதிக் கொடுத்தேன்ல."

"ஆமா. கொடுத்தீக."

"அது தப்பு சார். எனக்குக் கேக்கலைன்னுதான் எழுதியிருக்கணும். என் காதுதான் சரியில்ல. சத்தம் இருந்தாலும் இருக்கும். வண்டிய ஒருக்கா கொண்டு வாங்க, நீங்க கேட்டுச் சொல்லுங்க, நான் தேடிக் கண்டுபிடிக்கிறேன்."

அவர் போனை முகத்திலிருந்து விலக்கி, வீட்டுக்குள் யாரையோ எழுப்புவது கேட்டது.

"ஏ புள்ள, எந்திரி, எந்திரிங்குறேன்! நாஞ் சொன்னேன்ல?"